மார்பில் குடியேறிய இரைப்பை

புற்றுநோயை வென்றவர்களுக்குப் பல வருஷம் கழித்து வரும் ஒரு புண்

1913-ம் வருஷம், மார்ச் மாதம். நியூயார்க் நகரில் அப்போது ஜெர்மன் ஆஸ்பத்திரி என்று அழைக்கப்பட்ட மருத்துவமனையில், 67 வயதுள்ள ஒரு மாது ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தார். அவருடைய உணவுக் குழாயில் புற்றுநோய். டாக்டர் பிரான்ஸ் டோரக் என்பவர் அவருடைய மார்பைத் திறந்தார். நோய் பிடித்த குழாயை வெட்டி எடுத்தார். மாது பிழைத்துக் கொண்டார்.

மார்புக்குள் ஓடும் உணவுக் குழாயை, மார்பைத் திறந்து அகற்றி, நோயாளியைப் பிழைக்க வைத்த டாக்டர் அதுவரை எவரும் இல்லை. வைத்திய உலகம் வியந்தது.

ஆனால் குழாயை எடுத்தாகி விட்டது. இனி அந்த மாது எப்படிச் சாப்பிடுவார்?

டோரக் ஒரு வழி செய்தார். எஞ்சியிருந்த மேல் குழாயின் முனையை மார்பின் தோலுக்கு வெளியே கொண்டு வந்தார். வயிற்றிலும் ஒரு துவாரம் இட்டார். இரண்டையும் ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார். மாது வாயால் மென்று விழுங்கிய ஆகாரம், உடம்புக்கு வெளியே தொங்கிய ரப்பர் குழாய் வழியாக இறங்கி இரைப்பைக்குள் போயிற்று! இப்படியே அவர் 12 ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார்.

இன்று அந்த ரப்பர் குழாய் தேவையில்லை. அதற்குப் பதிலாக டாக்டர்கள் நோயாளியின் சொந்த இரைப்பையையே மார்புக்குள் ஏற்றி, அதையே உணவுக் குழாயாக்கி விடுகிறார்கள். உலகெங்கும் எத்தனையோ பேர் இந்தச் சிகிச்சையால் மறு பிறவி எடுத்திருக்கிறார்கள்.

ஆனால், குடியேறிய இரைப்பைக்குப் புது வீட்டில் சில தொல்லைகள் உண்டு. அவற்றில் ஒன்று, புண். சாதாரண வயிற்றுப் புண்தான். ஆனால் அது இருக்கும் இடம் சாதாரணமானதல்ல. பக்கத்து வீடு ஹிருதயம்!

குடல் இல்லை, குழாய்

உணவுக் குழாய் என்பது தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும் தசைக் குழாய். நீளம் சுமார் 25 செ. மீ. மூச்சுக் குழலுக்கும் ஹிருதயத்துக்கும் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இறங்குகிறது. பிறகு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உள்ள துவாரம் வழியாக வயிற்றுக்குள் நுழைகிறது.

இதில் புற்றுநோய் வருவதற்குப் புகையிலை, மது, வெற்றிலையோடு மெல்லும் பாக்கு ஆகியவை முக்கிய காரணங்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களையும் சந்தேகப் பட்டியலில் 2016-ல் சேர்த்தது. மேல் நாடுகளில், இரைப்பை அமிலம் வருஷக் கணக்கில் மேலே பொங்கி வருவதும், உடல் பருமனும் பெரிய காரணங்கள்.

டோரக்கின் ஆபரேஷனுக்கு 20 ஆண்டுகள் கழித்து, 1933-ல், ஜப்பானில் கியோட்டோ நகரைச் சேர்ந்த டாக்டர் டோரு ஓசாவா, நோயுற்ற குழாயை எடுத்து விட்டு இரைப்பையை மார்புக்குள் இழுத்து, மேல் குழாயுடன் தைத்து வெற்றி கண்டதாக அறிவித்தார். 1946-ல் லண்டனில் ஐவர் லூயிஸ் என்ற டாக்டர், முதலில் வயிற்றைத் திறந்து இரைப்பையைத் தயார் செய்து, பிறகு வலது மார்பைத் திறந்து இணைக்கும் முறையை வெளியிட்டார். அந்த முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இப்போது சிறு துவாரங்கள் வழியாகக் காமிரா செலுத்தியும், யந்திரக் கைகளைக் கொண்டும் அதே வேலையைச் செய்கிறார்கள்.

கடைமடைக்குத் தண்ணீர்

இரைப்பையை அப்படியே தூக்கி மார்பில் வைத்து விட முடியுமா? முடியாது. பை போலிருக்கும் அதைக் குழாயாக்க வேண்டும். சிறிய வளைவுள்ள பக்கத்தை வெட்டி எடுத்து விட்டு, சுமார் 4, 5 செ. மீ. அகலமுள்ள நீண்ட குழாயாகத் தைக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு சங்கடம். இரைப்பைக்கு இயற்கை பல வாய்க்கால்கள் வழியாக இரத்தத்தைப் பாய்ச்சுகிறது. ஆனால் அதை மேலே இழுக்க வேண்டுமானால் பல இரத்தக் குழாய்களைத் துண்டித்தே ஆக வேண்டும். கடைசியில், பெரிய வளைவை ஒட்டி வலப்புறமிருந்து வரும் ஒரு தமனியையே பிரதானமாக நம்பி அந்தக் குழாய் முழுவதும் பிழைக்கிறது.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நான்கு மதகுகளை அடைத்து விட்டு, ஒரே மதகைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? தலைமடை வயல் செழிக்கும். கடைமடை வயல் வாடும். புதிய குழாயின் உச்சி, அதாவது கழுத்துக்கோ மேல் மார்புக்கோ போகும் முனை, கடைமடை வயல். அங்கே நேர் வாய்க்கால் கிடையாது. சுவருக்குள் ஓடும் மெல்லிய கிளைகள் வழியாகத்தான் இரத்தம் கசிந்து போய்ச் சேர வேண்டும்.

இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் சுவருக்கு வலுக் குறைவு. சிறு காயம் பட்டாலும் ஆறத் தாமதமாகும்.

அமிலம் திரும்பி வருகிறது

ஆபரேஷனில் இன்னொன்றும் நேருகிறது. இரைப்பைக்கு மூளையிலிருந்து வரும் 'வேகஸ்' என்ற நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. அமிலம் சுரக்கும்படி ஆணை கொண்டு வருவது அந்த நரம்புதான். 1940-களில் அமெரிக்க டாக்டர் டிராக்ஸ்டெட் என்பவர், வயிற்றுப் புண்ணைக் குணப்படுத்தவே இந்த நரம்பை வெட்டும் சிகிச்சையைப் பிரபலமாக்கினார்.

அப்படியானால், நரம்பு வெட்டப்பட்ட இரைப்பையில் புண் எப்படி வரும்? நியாயமான கேள்வி. முதலில் டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் 2001-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆராய்ச்சி வேறு விதமாகக் கூறியது. ஆபரேஷன் ஆன புதிதில் அமிலம் குறைகிறது. ஆனால் வருஷங்கள் செல்லச் செல்ல, மார்பில் குடியேறிய இரைப்பை தன் பழைய தொழிலை மறுபடி தொடங்கி விடுகிறது!

அமிலம் மட்டும் எதிரி அல்ல. நரம்பு இல்லாததால் இரைப்பை மந்தமாக இயங்குகிறது. ஆகாரம் தேங்கி நிற்கிறது. படுத்தால் கீழேயிருந்து பித்த நீர் மேலேறி வருகிறது. இவை சுவரை அரிக்கின்றன. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களாயின், கதிர் பட்ட இடத்திலும் திசுக்கள் நலிந்திருக்கலாம். புகை பிடிப்பவர்களுக்கு ஏற்கெனவே குறைந்திருக்கும் இரத்த ஓட்டம் மேலும் சுருங்குகிறது.

பிறகு, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. வயிற்றுப் புண்ணுக்கு இந்தக் கிருமி காரணம் என்று ஆஸ்திரேலிய டாக்டர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்து, சில நாட்களில் வயிறு வெந்து நோயுற்று, தம் கட்சியை நிலைநாட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆபரேஷனுக்கு முன்பே இரைப்பையில் குடியிருந்த கிருமி, இரைப்பையோடு சேர்ந்து மார்புக்கும் குடிபெயர்ந்து விடுகிறது.

இத்தனைக்கும் மேலாக ஒரு சத்துரு இருக்கிறது. அது மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் வலி மாத்திரை. ஆஸ்பிரின், இபுப்ரோபென், டைக்ளோபெனாக் ஆகியவை இரைப்பையின் உள் தோலைக் காக்கும் பொருள்களின் உற்பத்தியைக் குறைத்து விடுகின்றன. நல்ல இரைப்பையிலேயே இவை புண் உண்டாக்கக் கூடும். ஒற்றை வாய்க்காலை நம்பி நிற்கும் இரைப்பையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

வலி இல்லாத புண்

ஒரு குடும்பத் தலைவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வயது 64. எட்டு வருஷங்களுக்கு முன்பு ஆபரேஷன் நடந்தது. ஐந்து வருஷம் தாண்டியதும், "இனிப் புற்றுநோய்ப் பயம் இல்லை" என்று டாக்டர் சொல்லி விட்டார். வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினார்கள். இப்போது அவருக்கு முழங்கால் வலி. கடையில் மாத்திரை வாங்கி ஒரு மாதமாகச் சாப்பிட்டு வருகிறார். சற்றுக் களைப்பாக இருக்கிறது. "வயசாகிறது, அப்படித்தான் இருக்கும்" என்கிறாள் மனைவி.

அவர் மார்புக்குள் ஒரு புண் வளர்ந்து கொண்டிருக்கலாம். அவருக்கோ வலியே தெரியாமலிருக்கலாம். நரம்புகள் வெட்டுப்பட்ட இரைப்பை, சாதாரண இரைப்பையைப் போல வலியைச் சொல்வதில்லை. காவற்காரன் இல்லாத வீட்டில் திருடன் நுழைந்தது போலத்தான்.

வயிற்றுக்குள் இருக்கும் இரைப்பையில் புண் ஓட்டை போட்டால், வயிறு கல்லைப் போல இறுகும், நோயாளி துடிப்பார், டாக்டர் தொட்டவுடனே கண்டு கொள்வார். மார்பில் உள்ள இரைப்பையில் ஓட்டை விழுந்தால் வயிறு மிருதுவாகவே இருக்கும். நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்தால் மாரடைப்பு என்று எண்ணத் தோன்றும். காய்ச்சலும் இருமலும் வந்தால் நிமோனியா என்று நினைக்கத் தோன்றும். இதில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அபாயம்.

மூன்று பக்கத்து வீடுகள்

புண் ஆழமாகும்போது எங்கே போகும்? எந்த வீடு பக்கத்தில் இருக்கிறதோ அங்கே!

முதல் வீடு ஹிருதயம். இரைப்பையை மேலே கொண்டு செல்ல இரண்டு பாதைகள் சாதாரணமாக உண்டு. ஒன்று, பழைய உணவுக் குழாய் இருந்த பின்புறப் பாதை. மற்றொன்று, மார்பெலும்புக்கு அடியில் முன்புறப் பாதை. ஜப்பானிய நிபுணர்கள் முன்புறப் பாதையையும் வெகுவாகக் கையாண்டிருக்கிறார்கள். எந்தப் பாதையானாலும் ஹிருதயத்தை மூடியிருக்கும் உறை அருகிலேயே இருக்கிறது. புண் அந்த உறையைத் துளைத்து விட்டால், இரைப்பையிலுள்ள காற்றும் திரவமும் ஹிருதயத்தைச் சுற்றி நிரம்புகின்றன. ஹிருதயம் விரிய இடமில்லாமல் நெருக்குண்கிறது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால், நீரில் சக்கரம் சுழலுவது போன்ற விசித்திர ஓசை கேட்பதுண்டு. 'ஆலைச் சக்கர ஓசை' என்றே டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வீடு மகா தமனி. உடம்பு முழுவதற்கும் இரத்தம் கொண்டு செல்லும் ராஜபாட்டை அது. பின்புறப் பாதையில் வைத்த இரைப்பை அதன் அண்டையில் கிடக்கிறது. புண் அதை அரித்து விட்டால் வரும் இரத்த வாந்தி நொடியில் உயிரைப் பறித்து விடும். ஆனால் பல சமயங்களில் அந்தப் பெருவெள்ளத்துக்கு முன் சிறிதளவு இரத்தம் வந்து தானே நின்று விடுகிறது. அது ஓர் எச்சரிக்கை மணி. "நின்று விட்டதே" என்று வீட்டில் இருந்து விடக் கூடாது. அந்த இடைவேளைதான் உயிரைக் காப்பாற்றக் கிடைத்த அவகாசம்.

மூன்றாவது வீடு மூச்சுக் குழல். புண் அங்கே வழி செய்து விட்டால், தண்ணீர் குடித்தவுடன் புரை ஏறியது போல இருமல் வரும். அமிலமும் ஆகாரமும் நுரையீரலுக்குள் போகும். நிமோனியா குணமாகும், மறுபடி வரும், மறுபடி குணமாகும், மறுபடி வரும். மருந்து சரியில்லை என்று எண்ணி டாக்டரை மாற்றிக் கொண்டே இருப்பார்கள். காரணமோ இரைப்பையில் இருக்கும்.

இவையெல்லாம் அடிக்கடி நேருபவை அல்ல. ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த விபரீதம் வருவதே இல்லை. ஆனால் வந்தால் தாமதம் தாங்காது. சிலருக்கு ஆபரேஷன் ஆன சில மாதங்களில் வந்திருக்கிறது. சிலருக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் வந்திருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வாய் வழியாக விடும் எண்டாஸ்கோப் என்ற வளையும் குழாய்தான் முக்கிய சாதனம். அதன் முனையில் உள்ள காமிரா புண்ணை நேராகக் காட்டி விடும். புண்ணின் விளிம்பிலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பதும் அவசியம். ஏனென்றால் சில சமயங்களில் புண் போலத் தோன்றுவது இரைப்பையில் புதிதாக முளைத்த புற்றாக இருக்கும். பழைய நோய் திரும்பியதாகவும் இருக்கும். அதே சதையில் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்து விடலாம்.

ஆனால் ஓட்டை விழுந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் முதலில் சி. டி. ஸ்கான் எடுக்கிறார்கள். ஹிருதயத்தைச் சுற்றியோ மார்புக் குழியிலோ காற்று இருந்தால் அது காட்டிக் கொடுத்து விடும்.

சிகிச்சை உண்டு

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரையே போதும். 1988-ல் ஸ்வீடனிலிருந்து விற்பனைக்கு வந்த ஓமிப்ரசோலும், அந்த வகையைச் சேர்ந்த மற்ற மருந்துகளும் அமிலம் சுரக்கும் 'பம்பு'களையே அடைத்து விடுகின்றன. கிருமி இருந்தால் கூடவே ஆன்டிபயாட்டிக் மருந்துகளை இரண்டு வாரம் கொடுத்து அதை ஒழிக்கிறார்கள். இரத்தம் கசியும் புண்ணை எண்டாஸ்கோப் வழியாகவே சூடு வைத்தும், சிறு உலோகக் 'கிளிப்'களை மாட்டியும் அடைக்கிறார்கள்.

ஓட்டை விழுந்து விட்டால் விஷயம் பெரிதாகிறது. ஹிருதய உறைக்குள் தேங்கிய காற்றையும் சீழையும் வெளியேற்ற வேண்டும். ஓட்டையை மூட, மார்பு அல்லது முதுகிலிருந்து உயிருள்ள தசையை இரத்தக் குழாயோடு திருப்பிக் கொண்டு வந்து ஒட்டுப் போடுகிறார்கள். மகா தமனி பழுதானால், தொடையிலுள்ள தமனி வழியாகத் துணி உறை போட்ட உலோகக் குழாயைச் செலுத்தி உள்ளிருந்தே அடைக்கிறார்கள். சிலருக்கு, கெட்டுப் போன இரைப்பைக் குழாயை எடுத்து விட்டுப் பெருங்குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டு வந்து புதுக் குழாய் அமைக்க வேண்டியிருக்கிறது. இவை எல்லாம் கடுமையான ஆபரேஷன்கள். வருமுன் காப்பதே மேல்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது: வலி மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. வலி எங்கே இருந்தாலும், "எனக்கு இரைப்பை மார்பில் இருக்கிறது" என்று டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். ஹிருதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தி விடவும் கூடாது. டாக்டரைக் கேட்டு, அமிலத்தைக் குறைக்கும் மருந்தைச் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது: மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தால் அது இரத்தமாக இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் எது என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. காரணமில்லாத களைப்பு, வெளுத்த முகம், மாடி ஏறினால் மூச்சு வாங்குதல் ஆகியவையும் மெல்ல மெல்ல இரத்தம் போவதன் அடையாளங்கள்.

மூன்றாவது: புதிதாக நெஞ்சு வலி, தோள் வலி, மூச்சுத் திணறல், விடாத காய்ச்சல், தண்ணீர் குடித்தால் இருமல், ஒரு தேக்கரண்டியளவே ஆனாலும் இரத்த வாந்தி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான்காவது: இரைப்பையின் வாயில் இருந்த இயற்கைக் கதவு ஆபரேஷனில் போய் விட்டது. ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை சாப்பிட வேண்டும். சாப்பிட்டவுடன் படுக்கலாகாது. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் தூங்குவது நல்லது. பீடி, சிகரெட், புகையிலை, மது இவற்றை அடியோடு மறக்க வேண்டும்.

ஐந்தாவது: ஆபரேஷன் விவரம் எழுதிய ஒரு சீட்டைப் பையில் வைத்துக் கொள்ள வேண்டும். எந்த வருஷம், எந்த முறை, இரைப்பை முன்புறமா பின்புறமா என்பது அதில் இருக்கட்டும். மார்பை எக்ஸ்ரே எடுத்தால் அங்கே காற்றும் திரவமும் நிறைந்த பை ஒன்று தெரியும். விவரம் அறியாத டாக்டர் அதை வேறு ஏதோ நோயென்று எண்ணி விட இடமுண்டு. நோயாளி மயக்கமாயிருக்கும்போது அந்தச் சீட்டுப் பேசும்.

வெற்றியின் விலை

ஒரு காலத்தில் இந்தப் புண்ணைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. காரணம் வருத்தமானது. புண் வருமளவுக்கு நோயாளிகள் பலர் உயிரோடு இருந்ததில்லை. இப்போது நிலை மாறி வருகிறது. நெதர்லாந்து டாக்டர்கள் 2012-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷன் மட்டும் செய்து கொண்டவர்களில் சரிபாதிப் பேர் 24 மாதங்கள் வரை உயிரோடு இருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன் மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களிலோ சரிபாதிப் பேர் 49 மாதங்கள் வரை இருந்தார்கள். வாழ்நாள் நீளுகிறது. ஆகவே மார்பில் குடியேறிய இரைப்பையும் நீண்ட காலம் உழைக்க வேண்டியிருக்கிறது.

நியூயார்க் மாதுக்கு அவருடைய ரப்பர் குழாய் ஒவ்வொரு வேளையும் கண்ணெதிரே தொங்கியது. அது கழன்றாலும் கிழிந்தாலும் உடனே தெரிந்து விடும். இன்றைய நோயாளியின் குழாய் கண்ணுக்குத் தெரிவதில்லை. வலித்துச் சொல்வதும் இல்லை. அவருக்காக அதைக் கவனிக்க வேண்டியவர்கள் அவரும், அவர் வீட்டாரும், அவருடைய டாக்டருமே. புற்றுநோயை வென்று வந்த ஒருவரை ஒரு சிறு புண்ணுக்குப் பறி கொடுக்கலாகாது.